ரவாங் தாண்டாத முதுகு

மலாயாவிலேயே கர்ப்பிணிப் பெண்களின் முதுகைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், டாக்டர்மாரையெல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு கட்டைப் பிரம்மச்சாரியைத்தான் கை காட்டுவேன். இத்தனைக்கும் அந்த மனுஷர் எந்தப் பெண்ணின் முதுகையும் ஏறெடுத்துப் பார்த்தவர் இல்லை. அவர் பார்த்ததெல்லாம் கயிறு.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்திருக்கலாம். எங்களுக்கு அவர் பஸ்ட்கிளாஸ். ரயில்வே பட்டறையில் முதல் வகுப்புப் பெட்டிகளுக்கு மெத்தை இருக்கை தைக்கிற வேலை. கோலாலம்பூரில் ஏறுகிற துரை பினாங்குப் பக்கம் போய் இறங்குகிற வரைக்கும் அவர் முதுகு வாயைத் திறக்கக் கூடாது. அதற்குத்தான் இவருக்குச் சம்பளம். இவர் எங்காவது போவதென்றால் மூன்றாம் வகுப்புப் பலகைதான். சட்டைக் காலரில் ஒரு வளைந்த ஊசி எப்போதும் குத்தியிருக்கும். மீசையிலும் புருவத்திலும் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். வேலை முடிந்து வருகிறவரை எட்ட நின்று பார்த்தால் அறுபது வயது சொல்லலாம். குளித்துவிட்டு வந்தால் முப்பத்தைந்துதான்.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. யார் கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

"ஒலகத்துல ரெண்டு பேரு முதுகுக்குத்தான் மரியாத குடுக்கணும் தம்பி. ஒண்ணு பெரிய தொர. இன்னொண்ணு பிள்ளத்தாச்சி. தொரைக்குச் சம்பளத்துக்குத் தைக்கிறேன். பிள்ளத்தாச்சிக்குச் சும்மா தைக்கிறேன்."

சும்மா என்றால் சும்மாதான். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினால் போதும். அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ட்கிளாஸ் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஒரு முக்காலியைக் கேட்டு வாங்குவார். வீட்டுக்கு முதுகைக் காட்டி, தண்டவாளத்தைப் பார்த்து உட்காருவார். அப்படியே பேச ஆரம்பித்துவிடுவார். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லையாம். முதல் தடவை பார்க்கிறவர்கள், இவர் ஏதோ ரயிலிடம் சுகம் விசாரிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அளவெடுக்கும் முறை இன்னும் விசேஷம். தானே தொட்டு அளக்க மாட்டார். ஒரு சணல் கயிற்றைப் புருஷன்காரன் கையில் கொடுப்பார். பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு முடிச்சு, முழங்காலிலிருந்து குதிகால் வரை ஒரு முடிச்சு. கயிற்றின் கடைசியில் கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம். மாசமாக இருக்கிறவள் உடம்பு வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் வாரா வாரம் புதுக் கயிறு. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர், அத்தனை கயிற்றையும் தன் வீட்டுச் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கவிட்டிருப்பார். எந்தக் கயிறு எந்த வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவார்.

"வாய் கூச்சப்படும், மறைக்கும். கயிறு மறைக்காது" என்பது அவர் வேதம்.

கடைசியாக ஸ்டேஷன் விவகாரம். ஓர் இருக்கையைத் தைத்து முடித்ததும் அவரே அதில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பயணம் புறப்படுவார். ரவாங், தஞ்சோங் மாலிம், தாப்பா ரோடு, கம்பார், ஈப்போ. நிஜ ரயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இவருக்கும் ஆகும். முதுகு வலிக்காமல் ஈப்போ போய்ச் சேர்ந்தால் இருக்கை தேறியது. நடுவில் எங்காவது வலித்தால் இறங்கி, தையலைப் பிரித்து, பஞ்சை மாற்றி அடைத்து, மறுபடி கோலாலம்பூரிலிருந்து கிளம்புவார். அந்த வரிசைப் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்குப் பழகிவிட்டது. "நேத்து தஞ்சோங் மாலிம் வரைக்கும் நல்லாத் தூங்கினேண்ணே" என்று ஒருத்தி சொன்னால், "ஒரு தலகாணிய ரெண்டு காலுக்கு எடையில வச்சுக்க, தாப்பா ரோடு போயிரலாம்" என்று பதில் வரும்.

இவ்வளவும் ஊர்க் கதையாக இருந்தவரைக்கும் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த முக்காலி என் வீட்டு வாசலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நான் அப்போது ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தேன். என் மனைவி அஞ்சலை காப்பார் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்தோடு தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை. பேசினால் மறுபடி நடந்துவிடுமோ என்று ரெண்டு பேருக்கும் ஒரு பயம். அடுத்த தடவை அவளுக்கு நாள் தள்ளிப்போனபோதும் அப்படித்தான். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அவள் தட்டில் சோறு ஒரு கரண்டி கூடப் போட்டேன், அவ்வளவுதான் என் விசாரணை.

அஞ்சாம் மாதத்தில் ஒருநாள் அவள் குழாயடியில் இடுப்பைப் பிடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் பாசார் சந்தையிலிருந்து மீனோடு வருகிறேன், என் வாசலில் பஸ்ட்கிளாஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். உள்ளே நிலைப்படி ஓரத்தில் அஞ்சலை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு மாதமாக அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஒருத்தன் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினால் பொறாமைப்படலாம். உலகம் ஒப்புக்கொள்ளும். முதுகைக் காட்டிப் பேசுகிறவன் மேல் பொறாமைப்பட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வந்தது. வயிற்றில் மிளகாயை அரைத்துப் பூசினது மாதிரி வந்தது.

அன்று தொடங்கி என் வீட்டில் "அண்ணன் சொன்னாரு" ஆட்சி. மூன்று வேளை மூட்டை கட்டுகிற மாதிரி சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடச் சொன்னாராம். கொசுவத்தை இறுக்கிக் கட்டக் கூடாதாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டுமாம். உட்கார்ந்தால் காலை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைக்க வேண்டுமாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் கோயில் வரைக்கும் மெதுவாக நடந்துவிட்டு வர வேண்டுமாம். குழாயடியில் வரிசையில் நிற்கவே கூடாதாம். அவள் நிற்காவிட்டால் யார் நிற்பது? அதற்கும் அண்ணன் ஒரு வழி சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் இருபது பெண்கள் நடுவில் நான் குடத்தோடு நின்றேன். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "எத்தன மாசம்ணே?" என்று கேட்கவில்லையே தவிர, கேட்டது மாதிரிதான் சிரித்தாள்.

இதையெல்லாம் இவர் எங்கே கற்றார் என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டேன். ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லி அனுப்புவதைக் கேட்டுக் கேட்டு ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறாராம். "மிஸ்ஸி ஒருத்திக்குச் சொன்னத நான் பத்துப் பேருக்குச் சொல்றேன். அவ்வளவுதான் என் வைத்தியம்" என்றார், தண்டவாளத்தைப் பார்த்தபடி.

போட்டிக்கு நானும் இறங்கினேன். சீனன் கடையில் நல்ல அகலமான பிரம்பு சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கித் தலையில் தூக்கிக்கொண்டு, வேண்டுமென்றே பஸ்ட்கிளாஸ் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அஞ்சலை ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உள்ளே போய்க்கொண்டே இருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க, பக்கத்து வீட்டு அக்கா பின்னாலிருந்து தள்ள, ஒரு வழியாக வெளியே வந்தாள். அடுத்த ஞாயிறு பஸ்ட்கிளாஸ் அதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நல்ல நாக்காலி தம்பி. உக்கார்றதுக்குப் பஸ்ட்கிளாஸ். எந்திரிக்கத்தான் கிரேன் வேணும்."

அஞ்சலை மறுபடி சிரித்தாள். அந்த நாற்காலியில் அன்றிலிருந்து நான்தான் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர் என் கையில் கயிற்றைக் கொடுத்தார். அஞ்சலையின் முதுகு ரவாங்கைத் தாண்டவில்லை என்றும், நல்ல இருக்கை ஒன்று தைத்தால்தான் தேறும் என்றும், முடிச்சுப் போட்டுக் கொண்டுவரும்படியும் சொன்னார். என் மனைவியின் பிடரிக்கும் இடுப்புக்கும் எத்தனை முழம் என்று கண்டவன் வீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவதா? எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். யோசித்தேன். பார்சல் ஆபீஸில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, எனக்கு நானே அளந்துகொண்டேன். பிடரியிலிருந்து இடுப்பு, என்னுடையது. இடுப்பிலிருந்து முழங்கால், என்னுடையது. கணுக்கால் வளையமும் என்னுடையதுதான். அஞ்சலையிடம், நீ அசந்து தூங்குகிறபோது அளந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நாலு வாரம் நாலு கயிறு கொடுத்தேன். பஸ்ட்கிளாஸ் வளையத்தைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டுவார். "கனமான எலும்பு. ஆனா வீக்கம்னு ஒரு நூல்கூட ஏறல. தங்கச்சி காலு இரும்பு" என்பார். என் காலை இதுவரைக்கும் யாரும் புகழ்ந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நடுவில் ஒரு தடவை அஞ்சலை, கால் கனக்கிற மாதிரி இருக்குண்ணே என்று சொன்னாளாம். கயிறு அப்படிச் சொல்லலியே தங்கச்சி, மனசுதான் கனக்குது என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். கயிறு மறைக்காது என்று நம்புகிறவர் வேறு என்ன சொல்லுவார்? அண்ணனே சொன்ன பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

ஏழாம் மாதம் பிறந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கை வந்தது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். பச்சைத் துணி, உள்ளே குதிரை மயிர், மேலே இலவம்பஞ்சு, கால் வைக்கத் தனிப் பலகை. துரைமாருக்குக்கூட அவர் அப்படித் தைத்திருக்க மாட்டார். வரிசையே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பஸ்ட்கிளாஸ் திரும்பி நின்றுகொண்டு, "உக்காரு தங்கச்சி, ஈப்போ போலாம்" என்றார்.

அஞ்சலை உட்கார்ந்தாள். கால் பலகைக்கு எட்டவில்லை. இடுப்புக்கு வர வேண்டிய மேடு நடுமுதுகில் முட்டியது. பிடரிக்கு வைத்த தலையணை அவள் உச்சந்தலைக்கு மேலே தனியாக நின்றது. சரிந்து சரிந்து இருக்கை நுனிக்கே வந்துவிட்டாள். ரவாங் எங்கே, அவள் கோலாலம்பூர் ஸ்டேஷனை விட்டே கிளம்பவில்லை.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பஸ்ட்கிளாஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக அளவு தப்பியிருக்கிறது. அவர் மடியிலிருந்து நாலாவது கயிற்றை எடுத்தார். முடிச்சு முடிச்சாகத் தடவினார். கணுக்கால் வளையத்துக்கு வந்ததும் கை நின்றது. முடிச்சுக்குள்ளிருந்து எதையோ இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுருட்டையான, நல்ல கறுப்பு மயிர் ஒன்று. அதைப் பார்த்தார். அப்புறம் வேட்டிக்குக் கீழே என் காலைப் பார்த்தார்.

"தம்பி, நீ கொஞ்சம் உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். ஐயா, என்ன இருக்கை அது. இடுப்பை யாரோ உள்ளங்கையில் தாங்கின மாதிரி. முழங்கால் மடிய வேண்டிய இடத்தில் மடிந்தது, குதிகால் பலகையில் போய் அச்சாகப் படிந்தது. அந்த அவமானத்திலும் கண் சொருகிற்று.

"எத்தனாவது மாசம் தம்பி ஒனக்கு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. குழாயடிக்காரி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்காதவர்கள் ரெண்டே பேர்தான். ஒருத்தி அஞ்சலை. இன்னொருத்தர் பஸ்ட்கிளாஸ். அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அப்போ தங்கச்சி கால நாலு வாரமா யாருமே அளக்கல. அப்படித்தானே?"

நான் தலையாட்டினேன். அவர் பழைய கயிற்றோடு புதுக் கயிறு ஒன்றையும் என் மடியில் வைத்தார். கூட்டத்தையெல்லாம் விரட்டிவிட்டு, வாசலில் முக்காலியைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அளந்து கொண்டுவரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

உள்ளே போனேன். அஞ்சலை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீழே உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் காலை நான் பார்த்ததில்லை. என் கால் வளையம் அவளுக்குப் பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? போட்டுப் பார்த்தேன், பத்தவில்லை. விரலால் அழுத்தி எடுத்தேன், அந்த இடம் குழியாகவே நின்றது.

எனக்கு ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "இவ்வளவு வீங்கியிருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? ஊருல உள்ளவன்கிட்டல்லாம் சொல்லத் தெரியுதுல்ல."

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "அவரு கேட்டாரு" என்றாள். "நீங்க கேக்கலியே."

காலில் விழுந்த அந்தக் குழியை உள்ளங்கையால் மூடினேன். அப்புறம் நான் சொன்னேன். "கேட்டா நீ எதையாவது சொல்லிருவியோன்னு பயம்தாண்டி."

"எனக்கும் அதான்" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்டேன். கேட்கக் கேட்கச் சொன்னாள். ரெண்டு நாளாக மண்டை இடிக்கிறதாம். கண் முன்னால் மின்மினிப் பூச்சி மாதிரி பறக்கிறதாம். காலையில் மோதிரம் கழலவில்லையாம். முகமும் உப்பினாற்போலத்தான் இருந்தது. தினம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

கயிற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, மற்றதையும் சொன்னேன். பஸ்ட்கிளாஸ் வளையத்தைத் தடவினார். இடி விழுந்தாலும் ஒரு தலையணையால் சரிப்படுத்திவிடலாம் என்று நம்புகிற மனுஷர், அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டார்.

"இது பஞ்சு வேல இல்ல தம்பி. காலு மட்டும் வீங்கினா தூக்கி வைக்கலாம். மூஞ்சி வீங்கி மண்டயும் இடிச்சா மிஸ்ஸி ஒரு நிமிசம் நிக்காதேன்னு சொல்லியிருக்கு. ரிக்ஷா கூப்புடு."

ஆஸ்பத்திரியில் அஞ்சலையை அன்றே படுக்க வைத்துக்கொண்டார்கள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தாயும் பிள்ளையும் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். என் பொறாமைக்கு நான் கொடுக்க இருந்த விலை அது. எங்கள் வீட்டுக்கு வெளியே அந்த விலை தெரிந்தவர் பஸ்ட்கிளாஸ் ஒருத்தர்தான். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட.

ஆறு வாரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்வை நேரத்துக்குத் தவறாமல் பஸ்ட்கிளாஸ் வருவார், பிள்ளைப்பேறு வார்டு வாசலில் வார்டுக்கு முதுகைக் காட்டி நிற்பார். நோயாளியைப் பார்க்க வந்துவிட்டு நோயாளியைப் பார்க்காமல் நிற்கிற ஆளை வாசல்காரன் அதற்கு முன் கண்டதில்லை. ரெண்டு தடவை வெளியே போகச் சொன்னான். மூன்றாம் தடவை மிஸ்ஸியே வந்து விசாரித்தாள். இவர் அவளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முதுகுக்கு அண்டை கொடுக்கிற தலையணை ஒன்றைப் பின்பக்கமாக நீட்டினார். மிஸ்ஸி அதை அமுக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இதே மாதிரி இன்னும் ஆறு கிடைக்குமா என்று கேட்டாள்.

தலையணை போன மறுநாள் அவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "எதுவரைக்கும் தங்கச்சி?"

"கம்பார் வந்துட்டேண்ணே" என்றாள் அஞ்சலை. நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் திரும்பி, "கம்பார்" என்று எனக்கும் ஒரு தடவை சொன்னாள். தனியாக, எனக்கென்று. பொறாமையில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

பெண் பிறந்தாள். கொஞ்சம் முந்திக்கொண்டு, கோழிக்குஞ்சு கனத்தில் பிறந்தாள். ஆனால் அழுத அழுகையில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. வாசலில் நின்ற முதுகு ஒரு குலுக்குக் குலுங்கியதை நான் பார்த்தேன். சிரிப்பா அழுகையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே முக்காலியைத் துடைத்து வாசலில் போட்டேன். காப்பியும் போட்டு வைத்தேன். ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ரெண்டு வீடு தள்ளி, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவன் பெண்டாட்டிக்கு அஞ்சாம் மாதம். எனக்காகத் தைத்த பச்சை இருக்கையையும் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் என்னவோ சொல்ல, அவர் தண்டவாளத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார். பாயிண்ட்ஸ்மேன் கையில் புதுக் கயிறு.

வயிற்றில் அதே மிளகாய். இந்தத் தடவை அது பாயிண்ட்ஸ்மேன் மேல் என்று எனக்கே புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அங்கயே பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, காப்பி ஆறுது" என்று உள்ளேயிருந்து அஞ்சலை சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

எங்களுக்கு அடுத்த பிள்ளை எப்போது வந்தது, ஏன் வந்தது என்று சொந்தக்காரர்கள் பலவிதமாகப் பேசினார்கள். ஆண் வாரிசு ஆசை என்றார்கள், காப்பார் மாமியார் கோயிலில் வேண்டிக்கொண்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மனுஷர் மறுபடி என் வாசலுக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.